இரண்டு பல், மஞ்சள் வேண்டாம்

செப்டம்பர் 9, செவ்வாய்.

இன்று ஒரு தவறு. நேற்றைய சீட்டில் அக்கா ஐந்து வால்நட் சாப்பிட்டாள் என்று எழுதியிருந்தேன். நான்குதான். ஐந்தாவதைச் சாப்பிட்டது நான். அழித்துத் திருத்திவிட்டேன். ஆனால் அந்த ஐந்தாவதில் பாதி சொத்தை, துப்பிவிட்டேன். என் பெயரில் ஒன்று என்று எழுதுவதா, அரை என்று எழுதுவதா? டீச்சரிடம் கேட்க வேண்டும்.

அந்த அரை வால்நட்டுக்காக அவள் கால் மணி நேரம் பென்சில் நுனியைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதைவிடப் பெரிய தவறு ஒன்று அன்று சாயங்காலமே அவள் கையால் நடந்து முடிந்திருந்தது. அது மட்டும் அவளுக்குத் தெரியாது.

வீட்டில் அவளுக்குப் பென்சில் என்று பெயர். வைத்தவர் மாமா, அதாவது அக்காவின் கணவர். ஒல்லியாக இருப்பதற்காக வைத்ததல்ல. எதை எழுதினாலும் பென்சிலில்தான் எழுதுவாள். பேனாவில் எழுதித் தப்பாகிவிட்டால் என்ன செய்வது? காதோரம் ஒரு பென்சில், பையில் ஒன்று, கூடவே ஒரு ரப்பர். ரப்பர்தான் சீக்கிரம் தீரும்.

பகலில் அவளுக்குப் பல் செய்யும் கூடத்தில் வேலை. பல் டாக்டர்கள் வாயில் அச்செடுத்து அனுப்பிவிட்டு, யாருக்கு, எத்தனை பல், என்ன நிறம், எப்போது வேண்டும் என்று தொலைபேசியில் சொல்வார்கள். அவள் அதை அச்சடித்த சீட்டில் நிரப்பித் தட்டில் வைப்பாள். சீட்டைப் பார்த்து உள்ளே பல் பிறக்கும். வேலை முடிந்தபின் திங்களும் புதனும் மாலை வகுப்பு. ஒரு பள்ளிக்கூடத்தின் மூன்றாம் வகுப்பு அறையில், முழங்கால் இடிக்கிற குட்டி பெஞ்சில் உட்கார்ந்து ‘உணவும் உடல்நலமும்’ படித்துக்கொண்டிருந்தாள்.

இந்த மாதம் டீச்சர் கொடுத்திருந்த வீட்டுப்பாடம் இதுதான்: கவலை வந்தால், டென்ஷன் ஏறினால், உங்களைச் சுற்றி இருப்பவர்கள் எந்தச் சாப்பாட்டைச் சத்தியமாக நம்புகிறார்கள்? பத்து நாள் கவனியுங்கள். என்ன, எவ்வளவு, என்ன நிறம், எப்போது. சாப்பிட்ட பிறகு மனநிலை பத்துக்கு எத்தனை.

பென்சிலுக்கு இது அல்வா மாதிரி வேலை. கூடத்தில் ஓரம் கோணலாக வெட்டுப்பட்டு ஒதுக்கி வைத்த சீட்டுக்கட்டு ஒன்று இருந்தது. யாருக்கு, எத்தனை, நிறம், குறிப்பு, எப்போது என்று கட்டங்கள் ஏற்கெனவே அச்சாகியிருந்தன. டீச்சர் கேட்டதும் அதேதானே. கேட்டு வாங்கிக்கொண்டாள். ஏப்ரனில் இடது பை கூடத்துச் சீட்டுக்கு, வலது பை வகுப்புச் சீட்டுக்கு என்று பிரித்தாள். ஆறு நாள் ஒரு குழப்பமும் இல்லை.

சீட்டு எழுத வீட்டில் பஞ்சமே கிடையாது. அக்கா நகரப் பேருந்து ஓட்டுகிறவள். எட்டு மணி நேரம் ஹாரன், சிக்னல், சில்லறைச் சண்டை. அவளுடைய நம்பிக்கை வால்நட். ஓட்டோடுதான் வாங்குவாள், உரித்து விற்பதில் சத்து போய்விடுமாம்.

“இத பாரு, அப்படியே மூளை மாதிரி இருக்குல்ல? மூளைக்குன்னே படைச்சது” என்பாள்.

“அப்போ முட்டைக்கோஸ்?” என்பார் மாமா. “உள்ள ஒண்ணுமே இல்லாம அடுக்கடுக்கா இருக்கு. உன் தலைக்குன்னே படைச்சதா?”

மாமாவின் நம்பிக்கை பூண்டு. காலை எட்டு மணிக்கு வெறும் வயிற்றில் இரண்டு பல், தண்ணீரோடு முழுங்குவார். கூடவே ஓர் அவித்த முட்டை. மஞ்சள் கரு வேண்டாம், வெள்ளை மட்டும். மஞ்சள் கருவைப் பிளந்து எடுத்து அக்கா தட்டில் வைக்கும்போது ஏதோ பெரிய தியாகம் செய்வதுபோல முகத்தை வைத்துக்கொள்வார்.

மாமாவுக்குக் கவலைப்படக் காரணம் இருந்தது. பதினோரு வருடம் அவர் ஒரு நான்கு மாடிக் கடையின் ஒலிபெருக்கிக் குரலாக இருந்தார். “நீலச் சட்டை போட்ட குழந்தை தரைத்தளத்தில் அழுதுகொண்டிருக்கிறது. உரியவர் வந்து பெற்றுக்கொள்ளவும்” என்று அவர் சொன்னால் குழந்தையைத் தொலைக்காதவர்களும் ஒருமுறை குனிந்து பார்ப்பார்கள். போன வருடக் கடைசியில் மேனேஜர் அவரை ஒரு நாள் முழுக்க உட்காரவைத்து நூறு வாக்கியம் பதிவு செய்தார். அவசரத்துக்கு உதவும் என்றார். அடுத்த மாதம் மாமாவே அவசரத்துக்குத் தேவைப்படவில்லை. இப்போதும் அந்தக் கடையில் அவர் குரல்தான் ஒலிக்கிறது. அவர் வீட்டில் இருக்கிறார்.

“என் வேலைய எங்கிட்ட இருந்து நானே புடுங்கிட்டேன், பென்சில்” என்று சொல்லிச் சிரிப்பார். சிரிப்பு உதட்டோடு நின்றுவிடும்.

அதற்குமேல் மூன்று வாரத்துக்கு முன் இன்னொன்று நடந்தது. மாமா முகம் வாடியிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, அக்கா ஒரு வால்நட்டை அவர் கையில் திணித்தாள். “கடிச்சு ஒடைங்க. உங்க பல்லு இரும்பாச்சே.” ஓடு உடையவில்லை. மேல் வரிசையில் நடுவிலிருந்த இரண்டு பல்லும் போயின. அன்றிலிருந்து அக்கா வால்நட்டைச் சமையலறைக் கதவிடுக்கில் வைத்து நசுக்கித்தான் உடைத்தாள், அதுவும் மாமா கண்ணில் படாமல். சத்தம் மட்டும் வீடு முழுக்கக் கேட்கும்.

பல் போனதைப் பற்றி மாமா ஒரு வார்த்தை குறைபட்டுக்கொள்ளவில்லை. வாயை மூடிக்கொண்டு இருந்தார். அதுதான் அக்காவுக்குப் பொறுக்கவில்லை.

இப்படி இருக்கும்போது திங்களன்று கடிதம் வந்தது. ரயில் நிலையத்தில் அறிவிப்பாளர் வேலை, வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குக் குரல் தேர்வு. நேரத்துக்கு வரும் வண்டிகளை இயந்திரமே சொல்லிவிடும், தாமதமாகும் வண்டிகளுக்குத்தான் ஆள் வேண்டும் என்று எழுதியிருந்தது. மாமா அதை மூன்று தடவை படித்தார். பிறகு கண்ணாடி முன் நின்று, “சிரமத்துக்கு வருந்துகிறோம்” என்று சொல்லிப் பார்த்தார். பல் இல்லாத இடத்தில் காற்று போய், ‘ச’ என்ற எழுத்து ‘ஷ’ என்று வெளியே வந்தது.

“ஷிரமத்துக்கு.” மறுபடி, “ஷிரமத்துக்கு.”

செவ்வாய் காலையே அக்கா அவரை டாக்டரிடம் இழுத்துப்போனாள். மத்தியானம் அச்சு கூடத்துக்கு வந்துவிட்டது. தொலைபேசியில் டாக்டர் சொன்னதைப் பென்சில் ஒன்றுவிடாமல் எழுதினாள். மாமா. மேல், 2 பல். நிறம்: லேசான மஞ்சள், நாலாம் எண். நாக்குப் பக்கம் நல்ல மெலிதாக, ‘ச’ சுத்தமாக வர வேண்டும். வியாழன் காலை.

அன்றைக்கென்று அவள் ஏப்ரனில் அச்சு வார்க்கும் சுண்ணக்குழம்பு கொட்டிவிட்டது. துவைக்கப் போட்டுவிட்டு வேறொன்றை வாங்கிக் கட்டிக்கொண்டாள். அதில் பை ஒன்றே ஒன்று. காலையில் எழுதிய உணவுச் சீட்டும் மத்தியானம் எழுதிய பல் சீட்டும் அந்த ஒரே பையில் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தன. சாயங்காலம் கிளம்பும் அவசரத்தில் ஒன்றை உருவினாள். ‘யாருக்கு: மாமா. எத்தனை: 2 பல்.’ அதுவரை படித்தாள். தட்டில் வைத்தாள். இன்னொன்றைப் படித்துப் பார்க்காமலே வகுப்பு நோட்டில் ஒட்டினாள். வீட்டுக்குப் போய் அரை வால்நட்டைப் பற்றி யோசித்தாள்.

*

புதன்கிழமை வகுப்பில் டீச்சர் எல்லோருடைய நோட்டையும் புரட்டி, நல்லதாகத் தெரிந்ததைச் சத்தமாகப் படித்தார். டீச்சரின் கைப்பையில் எப்போதும் ஒரு வாழைப்பழம் இருக்கும். பரீட்சை, பல்வலி, மாமியார் வருகை, எல்லாவற்றுக்கும் அவருக்கு வாழைப்பழம்தான்.

“இது நல்லா ஒழுங்கா இருக்கு” என்றார், பென்சிலின் நோட்டைக் கையில் எடுத்து. பென்சில் நிமிர்ந்து உட்கார்ந்தாள், முழங்கால் பெஞ்சில் இடித்தது. “மாமான்னு ஒருத்தர். ரெண்டு பல். பூண்டுதானே? சரி. மேல்னு போட்டிருக்கு. மேல்னா என்ன, சாப்பாட்டுக்கு மேலயா? நிறம், லேசான மஞ்சள், நாலாம் எண். பூண்டுல நம்பர் எல்லாம் இருக்கா?” டீச்சர் கண்ணாடியை மூக்கில் இறக்கினார். “குறிப்பு: ‘நாக்குப் பக்கம் நல்ல மெலிதாக, ச சுத்தமாக வர வேண்டும்.’ ஏம்மா, பூண்டு சாப்பிட்டா ச சுத்தமா வருமா? இது எந்த ஆராய்ச்சியில போட்டிருக்கான்?”

“ச வருதோ இல்லையோ, நாத்தம் சுத்தமா வரும் டீச்சர்” என்றது பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல்.

வகுப்பே சிரித்தது. பென்சில் மட்டும் சிரிக்கவில்லை. பல் சீட்டு இங்கே இருக்கிறது. அப்படியானால் கூடத்துத் தட்டில் இருப்பது எது?

அந்தச் சீட்டை அவள் மனத்துக்குள் வரிவரியாகப் படித்துப் பார்த்தாள். பூண்டு, முட்டை என்று எழுத அதில் கட்டமே கிடையாது. மாமா. 2 பல். மஞ்சள் வேண்டாம், வெள்ளை மட்டும். வெறும் வயிற்றில். காலை எட்டு மணி.

கூடம் ஆறு மணிக்கே பூட்டிவிடும். மணி ஏழு. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டே போனாள். உள்ளே வேலை செய்கிறவர்களுக்குக் கண் இல்லையா? ஒரு முட்டைச் சீட்டைப் பார்த்து யாராவது பல் செய்வார்களா? சிரித்துவிட்டுத் தூரப் போட்டிருப்பார்கள்.

கதவைத் திறந்ததும் மாமா எழுந்து வந்தார். மூன்று வாரத்தில் முதல்முறையாக, வாயைக் கையால் மறைக்காமல் பேசினார்.

“பென்ஷில்! உங்க கூடத்துல இருந்து ஃபோன் வந்துச்சு. பல்லு தயாராம். காலைல எட்டு மணிக்கு வரச் ஷொன்னாங்க. வெறும் வயித்துல வரணுமாம். ஏன்னு தெரியல. அப்படித்தானா?”

வெறும் வயிற்றில். அது அவள் எழுத்து. டாக்டர் சொன்னதல்ல.

“மாமா...” என்றாள்.

“ஷொல்லு.”

அவர் முகம் ஒன்பதாம் வகுப்பில் முதல் பரிசு வாங்கிய பையன் முகம்போல இருந்தது. பின்னால் சமையலறைக் கதவிடுக்கில் ஒரு வால்நட் ‘டக்’ என்று உடைந்தது.

“ஒண்ணுமில்ல. நாளைக்குப் பூண்டு வேணாம்” என்றாள்.

*

வியாழக்கிழமை ஏழு மணிக்கே பென்சில் கூடத்தின் வாசலில் நின்றாள். திறந்தது கேரட்டக்கா. முப்பது வயதுக்கு இரண்டு மூன்று கூட இருக்கும். மெழுகில் பல்லை அடுக்கி, தகட்டில் பதித்து, தேய்த்து மெருகு போடுவதில் அவளை அடிக்க ஆள் இல்லை. நாள் முழுக்க உதட்டோரம் ஒரு பச்சைக் கேரட் இருக்கும். கண்ணுக்கு நல்லது, கைக்கு நிதானம், கோபத்துக்கு மருந்து என்பாள். மூன்றாவதைக் கூடத்தில் யாரும் இதுவரை நம்பவில்லை.

பென்சில் நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். கேரட்டக்கா கேரட்டை ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு மாற்றினாள்.

“அது முட்டையா?”

“ஆமா.”

“மஞ்சள் வேணாம்னா, கரு வேணாம்னா?”

“ஆமாக்கா.”

“நான் என்ன கண்டேன்? மனுஷன் வெள்ளை வெளேர்னு கேக்கறாரு, வயசான காலத்துல ஒரு ஆசைன்னு நெனச்சேன்.”

“வெறும் வயிற்றில்னு போட்டிருந்ததே, அதப் பாத்தாவது தோணலயா?”

“சிலருக்கு வாயில தகடு வச்சதும் குமட்டும். அதுக்காகத்தான்னு எடுத்துக்கிட்டேன். எவ்வளவு அக்கறையா எழுதியிருக்கா இந்தப் பொண்ணுன்னு உன்ன மனசுல பாராட்டினேன், தெரியுமா? ஓரம் வேற கோணலா இருந்துச்சு. சரி, எழுதினவளுக்கும் இன்னைக்கு மனசு கோணலா இருக்கும்னு விட்டுட்டேன்.” அவள் டப்பாவைத் திறந்தாள். “எனக்குச் சீட்டுல என்ன இருக்கோ அதான் பல்லு.”

இளஞ்சிவப்புத் தகட்டில் இரண்டு பல் உட்கார்ந்திருந்தன. புதுசாகக் கழுவி வைத்த பீங்கான் தட்டுபோல மின்னின. பென்சில் தகட்டைப் புரட்டி நாக்குப் பக்கத்தைத் தடவினாள். தடிப்பாக இருந்தது. மெலிதாக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லையே, கேரட்டக்கா உறுதியாகச் செய்திருந்தாள்.

“புதுசா ஒண்ணு செய்ய முடியாதாக்கா?”

“ரெண்டு நாள் ஆகும். தேர்வு எப்போ?”

“நாளைக்குக் காலைல.”

கேரட்டக்கா கேரட்டைக் கடித்தாள்.

எட்டு மணிக்கு மாமா வெறும் வயிற்றோடு வந்தார். சவரம் செய்து, தேர்வுக்கென்று எடுத்து வைத்த சட்டையையே இன்றைக்கும் போட்டுக்கொண்டிருந்தார். பென்சில் தலையைக் குனிந்துகொண்டு, அரை வால்நட் வரைக்கும் விடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லி முடித்ததும் மாமா அவளைப் பார்த்தார், தகட்டைப் பார்த்தார்.

“ஆக, முட்டைல நான் வேணாம்னு தள்ளின மஞ்சள், பல்லுலயும் வராமப் போயிடுச்சு” என்றார். “ஷரி. மாட்டுங்க பார்ப்போம்.”

மாட்டியதும் கண்ணாடியில் பார்த்தார். முப்பது வருடம் டீ குடித்த பற்களுக்கு நடுவில் இரண்டு மட்டும் விளக்குப் போட்ட மாதிரி நின்றன. கேரட்டக்கா வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது.

“பேசிப் பாருங்க மாமா” என்றாள் பென்சில்.

“ஷிரமத்துக்கு வருந்துகிறோம்.”

சிரிப்பு நின்றது. பல் இருந்தும் ‘ச’ வரவில்லை. தடிப்பில் நாக்கு முட்டிக்கொண்டது. பழைய ‘ஷ’ காற்றாக வந்தது, இது ஈரத்துணியால் அடித்ததுபோல வந்தது. மாமா இன்னொரு தடவை சொன்னார். அப்புறம் இன்னொரு தடவை. மூன்றாவதில் குரலே சின்னதாகிவிட்டது.

“நிறத்த விடுங்க, ஒலிபெருக்கில நிறம் தெரியாது” என்றாள் கேரட்டக்கா. அவள் குரலில் கேலி போயிருந்தது. “பின்னாடி தேய்க்கலாம். கொஞ்சம் கொஞ்சமா.”

சின்ன மோட்டாரின் நுனியில் பட்டாணி அளவுக் கல்லைப் பொருத்தி அவள் தேய்க்க ஆரம்பித்தாள். இளஞ்சிவப்புத் தூள் பறந்தது. தேய்ப்பாள், கழுவுவாள், மாட்டுவாள். மாமா சொல்வார். “ஷிரமத்துக்கு வருந்துகிறோம்.” மறுபடி கழற்றுவாள். தடிமன் அளக்கும் கருவியில் வைத்துப் பார்ப்பாள். மறுபடி மாட்டுவாள். ஒன்பது தடவை, பத்து தடவை. ஒவ்வொரு தடவையும் மாமா வருந்துகிறோம் என்று சொல்லும்போது பென்சில் இன்னும் கொஞ்சம் தலையைக் குனிந்துகொண்டாள். தான் சொல்ல வேண்டியதை அவரல்லவா திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறார்!

பதினோராவது தடவையில் ‘ஷ’ பாதி ‘ச’ ஆகியிருந்தது. கேரட்டக்கா மோட்டாரை அணைத்தாள்.

“இதுக்கு மேல தொட்டா ஒடஞ்சாலும் ஒடையும். இப்பவே காகிதம் மாதிரி இருக்கு. ஒடஞ்சா நாளைக்கு இவருக்கு ஷ-வும் கிடையாது, ச-வும் கிடையாது, வெறும் காத்துதான்.” அவள் பென்சில் பக்கம் திரும்பினாள். “என்ன பண்ணட்டும்?”

“நீங்கதானே தெரிஞ்சவங்க அக்கா. நீங்களே...”

“நான் சீட்டப் பாத்து வேல செய்யறவ. வாயால சொன்னா காதுல ஏறாது. எழுதிக் கொடு.”

பென்சில் மாமாவைப் பார்த்தாள். அவர் வாயில் பல் இல்லாமல், உதட்டை மடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“எனக்குத் தெரியல மாமா. தப்பாயிட்டா?”

“பதினோரு வருஷம் தப்பில்லாமப் பேஷினேன்” என்றார் மாமா. “என்ன கிடைச்சது? பாதி ஷ-வோட போனா வேல கிடைக்காது, பென்ஷில். அது நிச்சயம். மத்தது நிச்சயமில்ல. நீ எழுது.”

அவள் காதோரத்துப் பென்சிலை எடுத்தாள். எடுத்து, கொஞ்ச நேரம் வெறுமனே பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு அதை மேஜையில் வைத்துவிட்டு, மாமாவின் சட்டைப் பையிலிருந்த பேனாவை உருவினாள். ஓரம் கோணாத, கூடத்துச் சீட்டில் எழுதினாள்.

யாருக்கு: என் மாமாவுக்கு. எத்தனை: இருக்கிற 2 பல். நிறம்: இருக்கிறபடி. குறிப்பு: நாக்குப் பக்கம் இன்னும் ஓர் இழை மெலிதாக. எப்போது: இப்போதே.

கீழே கையெழுத்துப் போட்டாள். கேரட்டக்கா அதை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை படித்தாள். பிறகு யாரும் அதுவரை பார்த்திராத காரியம் ஒன்று செய்தாள். வாயிலிருந்த கேரட்டை எடுத்து மேஜை ஓரத்தில் வைத்தாள்.

மோட்டார் சத்தம் மெலிந்து கேட்டது. தூள் பறக்கக்கூட இல்லை. கேரட்டக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு நான்கு முறை தொட்டாள், எடுத்தாள். ஊதினாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். தகட்டின் வழியாக அந்தப் பக்கத்து ஜன்னல் மங்கலாகத் தெரிந்தது. கழுவிக் கொடுத்தாள்.

மாமா மாட்டினார். ‘ம்’ என்று தொண்டையைச் செருமினார், கடையில் ஒலிபெருக்கியை முடுக்கும்போது செருமுவாரே அதே மாதிரி.

“சிரமத்துக்கு வருந்துகிறோம்.”

மாமா கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு தடவை சொன்னார். “சற்றுத் தாமதமாகச் செல்லும். சிரமத்துக்கு வருந்துகிறோம்.”

“போதும் போதும், எவ்வளவு வருந்துவீங்க?” என்றாள் கேரட்டக்கா. கண்ணோரத்தைத் துடைத்துக்கொண்டு, “தூள் பட்டுடுச்சு” என்றாள். “இத வச்சு எதையும் கடிக்கக் கூடாது. கேரட்டு கூட. சொல்லிட்டேன்.”

*

வெள்ளிக்கிழமை காலை சமையலறை மேஜை கடைத்தெரு மாதிரி இருந்தது. அக்கா வால்நட்டைப் பொடித்து ஒரு கிண்ணத்தில் வைத்திருந்தாள். கேரட்டக்கா துருவிய கேரட்டைப் பென்சில் கையில் கொடுத்து அனுப்பியிருந்தாள். பூண்டு இரண்டு பல் தயாராக இருந்தது. முட்டை இருந்தது, மஞ்சள் எடுத்தும் எடுக்காமலும்.

“ஆளுக்கொரு சத்தியம் பண்ணி வச்சிருக்கீங்க, நான் எதக் கடிக்கறது?” என்றார் மாமா. “பூண்டு சாப்பிட்டுட்டுப் போனா தேர்வு வைக்கிறவன் கதவத் தொறந்துட்டு ஓடிடுவான்.”

கடைசியில், டீச்சரை நம்பிப் பென்சில் வாங்கி வந்த வாழைப்பழம்தான் ஜெயித்தது. அக்கா அதைக் கரண்டியால் மசித்துக் கொடுத்தாள். அவர் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தவள், “பல்லு ரெண்டும் ஆளவிட இளசா இருக்கு” என்றாள்.

“உன் வால்நட் பண்ணின புண்ணியம்.”

“குத்திக் காட்டாதீங்க.”

“குத்திக் காட்டலடி. நெஜமாத்தான் சொல்றேன். நல்லாருக்குல்ல?” என்று அவர் பல் தெரியச் சிரித்தார். மூன்று வாரமாக வீட்டில் யாரும் பார்க்காத சிரிப்பு. அக்கா சட்டென்று பேருந்துச் சாவியை எடுத்துக்கொண்டு, நேரமாகிவிட்டது என்று கிளம்பினாள். அவளுக்கு இன்னும் அரை மணி நேரம் இருந்தது.

பத்து மணித் தேர்வு. பதினொன்றுக்கு மாமாவிடமிருந்து ஃபோன் இல்லை. ஒன்றுக்கு இல்லை. மூன்று மணிக்கு அக்கா பேருந்து முனையத்திலிருந்து கூப்பிட்டாள். “எடுக்கவே மாட்டேங்கறாரு. தகடு ஒடஞ்சிருக்குமோ? எங்கயாவது போய் வாயை மூடிக்கிட்டு உக்காந்திருக்காரோ? வேல முடிஞ்சதும் நீ ஸ்டேஷனுக்குப் போய்ப் பாருடி.”

பென்சில் கேரட்டக்காவிடம் சொல்லிவிட்டு ஐந்து மணிக்கே கிளம்பிப் போனாள். இரண்டாவது மேடையில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தாள். ஒலிபெருக்கியில் ஓர் இயந்திரப் பெண் குரல், ஒரு சுருக்கமும் இல்லாத குரல், வண்டி வருகிறது என்றது. வண்டி வந்தது. இன்னொன்று வருகிறது என்றது. அதுவும் வந்தது. நான்கு வண்டி, நான்கும் நேரத்துக்கு. வாழ்க்கையில் என்றைக்கும் இப்படி வண்டிகள் ஒழுங்காக வந்து அவள் பார்த்ததில்லை. ஒன்றாவது லேட்டாகக் கூடாதா என்று மனத்துக்குள் வேண்டிக்கொண்டாள். தப்பான வேண்டுதல் என்று தோன்றியது. ஒரே ஒரு வண்டி, அதுவும் கொஞ்ச நேரம் என்று திருத்தி வேண்டிக்கொண்டாள்.

ஆறரை மணிக்கு ஒலிபெருக்கி கரகரத்தது. இயந்திரம் பேசவில்லை. முதலில் கேட்டது ஒரு செருமல். ‘ம்.’

“ஆறு நாற்பது சாதாரண ரயில் இருபது நிமிடம் தாமதமாக வந்து சேரும். சிரமத்துக்கு வருந்துகிறோம்.”

ஒவ்வொரு ‘ச’வும் புதுக் கத்தரியால் வெட்டின மாதிரி இருந்தது. மேடை முழுக்க ஒரு முனகல் எழுந்தது. பக்கத்தில் காய்கறிப் பையோடு நின்ற அம்மா, “வருந்துறாங்களாம், வருந்தி என்ன பண்ண?” என்று முகத்தைச் சுளித்தவள், பென்சிலைப் பார்த்துவிட்டாள். “வண்டி லேட்டுன்னா உனக்கு ஏன்டிம்மா இவ்வளவு சிரிப்பு?”

“பேசறது எங்க மாமா.”

“ஓ.” அந்த அம்மா ஒலிபெருக்கியை அண்ணாந்து பார்த்தாள். “குரல் நல்லாத்தான் இருக்கு. வண்டியயும் கொஞ்சம் சீக்கிரம் விடச் சொல்லு.”

ஏழு மணிக்கு மேல் மாமா வெளியே வந்தார். அறிவிப்பு அறைக்குள் ஃபோன் கொண்டுபோகக் கூடாதாம். தேர்வு முடிந்ததும், ஆள் இல்லை, இன்றைக்கே உட்காருங்கள் என்று சொல்லிவிட்டார்களாம். ஒரு மாதம் பார்த்துவிட்டு நிரந்தரம். தேர்வு வைத்தவர் கடைசியில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாராம்: இவ்வளவு வெள்ளையாகப் பல்லை வைத்துக்கொள்ள என்ன சாப்பிடுகிறீர்கள்?

“என்ன சொன்னீங்க மாமா?”

“முட்டைன்னேன். மஞ்சள் இல்லாம.”

செப்டம்பர் 12, வெள்ளி.

மாமா: வாழைப்பழம் ஒன்று, மசித்தது. காலை ஒன்பது மணி. இரவில் மனநிலை கேட்டேன், பதினொன்று என்றார். பத்துக்கு மேல் எழுத இடமில்லை. ஓரத்தில் எழுதிவிட்டேன், பேனாவில்.

அக்கா: வால்நட் எட்டு. எண்ணினேன். ஒன்றும் நான் சாப்பிடவில்லை. மனநிலை கேட்டதற்கு அழுதாள், அதனால் எண் போடவில்லை. டீச்சரிடம் கேட்க வேண்டும்.

நாளை: கொட்டை உடைக்கும் இடுக்கி ஒன்று வாங்க வேண்டும். சமையலறைக் கதவு சாத்த வரவில்லை.